மூன்று நகரங்களா, ஓர் ஆய்வகமா? டிரான்ஸ்லேஷனல் உயிர்மருத்துவத்தில் பன்னாட்டுக் கூட்டு முதுநிலைப் படிப்புகள்: ஓர் ஒப்பீடு

உயிரியல், உயிர்வேதியியல், மருந்தியல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் இளநிலைப் பட்டம் பெற்று, ஆய்வகத்தில் கண்டறியப்படும் ஒன்று நோயாளிக்கான சிகிச்சையாக மாறுவது எப்படி என்பதையே தம் துறையாகக் கொள்ள விரும்பும் மாணவர்முன் இன்று நான்கு வகையான முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் வகை ஒன்று. இரண்டே பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு வழங்கும் கூட்டுப் பட்டம் மற்றொன்று. ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் ஊன்றிப் படிப்பது மூன்றாவது. பிரிட்டன் பாணியில் ஓராண்டில் முடித்துவிடுவது நான்காவது. இவற்றுள் முதல் வகைக்கே கவர்ச்சி அதிகம் என்பதில் ஐயமில்லை. உதவித்தொகை, பல நாடுகள், பல பல்கலைக்கழகங்களின் முத்திரை என எல்லாமே அதில் ஒருங்கே கிடைப்பதுபோலத் தோன்றும். ஆனால் இந்தத் துறையைப் பொறுத்தவரை நகரங்களின் எண்ணிக்கையை வைத்துத் தேர்ந்தெடுப்பது தவறு என்பதும், கடைசி ஆய்வுத் திட்டத்தை எங்கே, யாரிடம், தொடர்ச்சியாக எத்தனை மாதம் செய்யப்போகிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வகக் கண்டுபிடிப்பைச் சிகிச்சையாக மாற்றுவதைக் குறிக்கும் ‘டிரான்ஸ்லேஷனல்’ என்பதை ‘மொழிபெயர்ப்பு மருத்துவம்’ என்று எழுதினால், மருத்துவ நூல்களை மொழிபெயர்க்கக் கற்றுத்தரும் படிப்பு என்றே வாசிப்பவர் நினைப்பார். ஆகவே அந்தச் சொல்லையே தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்கிறேன்.

இத்துறை எதைக் கற்பிக்கிறது என்பதற்கு இமாட்டினிப் மருந்தின் வரலாற்றைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்று இருப்பதை 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் கண்டறிந்தனர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வதால்தான் அது உண்டாகிறது என்பதை 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த இடமாற்றத்தால் பிறக்கும் புரதத்தின் வேலையைத் தடுக்கும் மூலக்கூறு சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவானது. இந்நோய்க்கு அது பயன்படும் என்று விடாமல் வற்புறுத்திவந்த பிரையன் டிரக்கர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருந்த மருத்துவர். நோயாளிகளிடம் சோதனை 1998இல் தொடங்கியது. 2001இல் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. முதல் கண்டுபிடிப்பிலிருந்து மருந்துக்கு 41 ஆண்டுகள் ஆயின. இடையில் குரோமோசோம் ஆய்வாளர், வேதியியலாளர், மருத்துவர், ஒழுங்குமுறை அதிகாரி என்று எத்தனையோ கைகள் மாறின.

கூட்டுப் படிப்பை ஆதரிப்போரின் வாதம் இங்கிருந்துதான் புறப்படுகிறது. ஒரே இடத்தில் நிறைவேறாத வேலையைக் கற்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது போதாது என்கிறார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அந்த வாதம் செல்லுபடியாக வேண்டுமானால், மாணவர் நகரம் மாறும்போது, ஆய்வகத்திலிருந்து நோயாளி வரை நீளும் இந்தச் சங்கிலியின் கண்ணியும் மாற வேண்டும். முதல் பல்கலைக்கழகத்தில் அடிப்படை உயிரியல், இரண்டாவதில் விலங்கு மாதிரிகளும் மருந்தியலும், மூன்றாவதில் நோயாளிகளின் ரத்த, திசு மாதிரிகளும் கிளினிக்கல் டிரையல் (நோயாளிகளிடம் மருந்தைச் சோதிப்பது) வடிவமைப்பும் என்று அமைந்திருந்தால் அந்தப் பயணத்துக்குப் பொருளுண்டு. மூன்று இடத்திலும் செல் வளர்த்து, புரதத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் வேலை என்றால், மாறியது ஊர் மட்டுமே.

கூட்டமைப்பும் உதவித்தொகையும்

எராஸ்மஸ் முண்டஸ் 2004இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத் திட்டம். குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று உயர்கல்வி நிறுவனங்கள் கூட்டமைப்பில் இருக்க வேண்டும். மாணவர் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். உயிர்மருத்துவத்தில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. நெதர்லாந்தின் குரோனிங்கன், ஸ்வீடனின் உப்சாலா, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் புத்தாக்க மருத்துவத்துக்கென்றே உருவாக்கிய முதுநிலைப் படிப்பு டிரான்ஸ்லேஷனல் நோக்கத்தை வெளிப்படையாகவே முன்வைத்தது. தடுப்பூசியியலுக்கு லியோன், சேன்-எத்தியன், ஆண்ட்வெர்ப், பார்சலோனா நகரங்களின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒன்றை நடத்துகின்றன. தொற்றுநோய்களுக்கு டூர், எடின்பரோ, பார்சலோனா சேர்ந்து தொடங்கிய படிப்பும் உண்டு. பின்னிரண்டும் பெயரில் டிரான்ஸ்லேஷனல் என்று சொல்லிக்கொள்வதில்லை. உள்ளடக்கத்தைப் பார்த்தால் அந்தப் பெயரைத் தாங்கும் பல படிப்புகளைவிட அவை அதற்கு நெருக்கமானவை. பெயரைப் பார்த்துப் பட்டியலைச் சுருக்கிக்கொள்பவர்கள் இத்தகையவற்றைத் தவறவிடுகிறார்கள்.

2021இல் தொடங்கிய நிதிச் சுற்றின் விதிகளின்படி உதவித்தொகை மாதம் 1,400 யூரோ. அதிகபட்சம் 24 மாதம். இரண்டாண்டுப் படிப்புக்கு மொத்தம் 33,600 யூரோ. உதவித்தொகை பெறுவோரிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பயணச் செலவு, விசாச் செலவு, புதிய ஊரில் குடியேறும் செலவு எல்லாம் இந்த 1,400க்குள்ளேயே அடங்கும். முந்தைய சுற்றில் இருந்தது போன்ற தனிப் பயணப்படி இப்போது இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல்: ஜெர்மனி மாணவர் விசாவுக்கு 2024இன் பிற்பகுதியிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ கைவசம் இருப்பதைக் காட்டச் சொல்கிறது. அந்த அளவுகோலின்படி 1,400 தாராளமான தொகைதான். இரண்டாண்டுகளில் மூன்று முறை வீடு மாறி, மூன்று முறை முன்பணம் கட்டும்போது அந்தத் தாராளம் சற்றுச் சுருங்கும்.

பலரும் கவனிக்காமல் விடும் விதி ஒன்று உண்டு. ஒரு திட்டத்துக்குக் கிடைக்கும் உதவித்தொகைகள் அதன் முழுக் காலத்துக்கும் சேர்த்து 60 அளவில்தான். அவற்றில் ஒரே நாட்டவருக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. சில பகுதிகளுக்கென்று ஒதுக்கப்படும் கூடுதல் இடங்களுக்கு மட்டும் இந்த வரம்பு பொருந்தாது. நான்கு ஆண்டுச் சேர்க்கைக்கு 60 என்றால், ஒரு நாட்டவருக்கு மொத்தம் ஆறு; ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு. அதிக விண்ணப்பங்கள் வரும் பெரிய நாடு ஒன்றைச் சேர்ந்தவர் உலகம் முழுவதோடும் போட்டியிடவில்லை, தம் நாட்டவரோடுதான் போட்டியிடுகிறார் என்பது இதன் பொருள். உதவித்தொகை கிடைக்காமல் ‘சொந்தச் செலவில் சேரலாம்’ என்று மட்டும் கடிதம் வந்தால், கணக்கே மாறிவிடுகிறது. அப்போது இந்தப் படிப்பை, ஒரே பல்கலைக்கழகத்தில் படிக்கும் மூன்றாவது வகையோடு நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் அந்த ஒப்பீட்டில் இது தோற்கும்.

இன்னொன்று, திட்டத்தின் ஆயுள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி ஒரு கூட்டமைப்புக்கு 74 மாதங்களுக்கு வழங்கப்படுகிறது. அது முடிந்ததும் சில கூட்டமைப்புகள் மீண்டும் நிதி பெறும், சில உதவித்தொகை இல்லாமல் படிப்பை மட்டும் தொடரும், சில கலைந்துவிடும். இணையத்தில் காணப்படும் பழைய மாணவர் அனுபவங்கள் முந்தைய நிதிச் சுற்றைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொண்டு, நீங்கள் சேரப்போகும் ஆண்டு நிதியுள்ள சேர்க்கைதானா என்பதைத் திட்ட அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

ஆறு மாதத்துக்குள் எத்தனை மாதம்

விளம்பரக் கையேடுகளில் வராத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் இது. கடைசி செமஸ்டர் ஆய்வேட்டுக்கு வழக்கமாக 30 ஐரோப்பியக் கிரெடிட் ஒதுக்கப்படும். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணிநேர உழைப்பு. ஆக, காகிதத்தில் ஆறு மாத வேலை. அந்த ஆறு மாதம் புதிதாக வந்து சேர்ந்த நகரத்தில் எப்படிக் கழியும் என்று நாள்காட்டியை வைத்துப் பார்ப்போம்.

பிப்ரவரி முதல் வாரத்தில் மாணவர் வந்து சேருகிறார். முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவமனை வளாகத்துக்கான அடையாள அட்டை, ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சி. மனித ரத்தத்தையோ திசுவையோ தொட வேண்டுமென்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். எலிகளோடு வேலை என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு நெறிமுறையின்படி அதற்கான பயிற்சி பெறாமல் கூண்டைத் திறக்கவும் முடியாது. முந்தைய நாட்டில் அந்தப் பயிற்சி முடித்திருந்தாலும் புதிய நாட்டின் சட்டப் பகுதியைத் தனியாக முடிக்கச் சொல்வதுண்டு. மார்ச் மாதம் உறைநிலையிலிருந்து செல்களை எடுத்து வளர்க்கத் தொடங்குகிறார். அவை நிலைபெற்று, மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று இல்லை என்று உறுதியாக இரண்டு வாரம் ஆகலாம். புரதத்தை அடையாளம் காண வாங்கிவந்த ஆன்டிபாடி சொன்னபடி வேலை செய்யாவிட்டால் இன்னும் சில வாரங்கள் போகும். ஜூலையில் எழுத உட்கார வேண்டும். கையுறை போட்டு உண்மையாக வேலை செய்யக் கிடைப்பது மூன்று மாதம், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்றரை.

அதே மாணவர் முந்தைய செமஸ்டரிலிருந்தே அந்த ஆய்வகத்தில் இருந்திருந்தால் இந்த முன்னேற்பாடுகள் எல்லாம் முடிந்திருக்கும். ஆய்வேட்டுக்கு முழு ஆறு மாதமும் கிடைத்திருக்கும். அடிப்படை அறிவியலைவிட இத்துறையில் இந்த வேறுபாடு கூர்மையானது. ஏனென்றால் நோயாளி மாதிரிகள் மாணவரோடு பயணம் செய்யா. நெறிமுறைக் குழுவின் அனுமதி குறிப்பிட்ட மருத்துவமனையோடும் குறிப்பிட்ட ஆய்வோடும் கட்டுண்டது. மாதிரியை வேறு நாட்டுக்கு அனுப்ப இரு நிறுவனங்களுக்கிடையே தனி ஒப்பந்தம் வேண்டும். நோயாளி விவரங்கள் 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவை. மடிக்கணினியில் போட்டு எடுத்துச் செல்லக்கூடியவை அல்ல. முதல் நகரத்தில் தொடங்கிய நல்லதொரு கேள்வியை இரண்டாம் நகரத்தில் தொடர முடியாமல், அங்கே புதிதாக வேறொன்றைத் தொடங்க நேர்வது இதனால்தான்.

ஆகவே கூட்டமைப்புப் படிப்புகளுக்குள்ளேயே ஒரு பிரிவினை செய்துகொள்ளலாம். செமஸ்டருக்கு ஒரு நகரம் என்று மாற்றும் படிப்பு ஒரு வகை; முதலாண்டு ஓரிடம், இரண்டாமாண்டு முழுவதும் மற்றோரிடம் என்று இரண்டாகப் பிரிக்கும் படிப்பு இன்னொரு வகை. ஆய்வுத் தொழிலை நாடுபவருக்கு இரண்டாவதையே நான் சொல்வேன். மருந்து ஒழுங்குமுறை, டிரையல் மேலாண்மை, அறிவியல் கொள்கை போன்றவற்றை நாடுபவருக்கு முதலாவது உண்மையில் பொருத்தமானதே. பல நாட்டு அமைப்புகளை உள்ளிருந்து பார்த்திருப்பது அவர்களுக்கு ஒரு தகுதியாகவே கணக்கில் வரும்.

இருவர் ஒப்பந்தமும் ஒரே நகரின் கூட்டும்

இரு பல்கலைக்கழகங்கள் மட்டும் சேர்ந்து நடத்தும் படிப்புகளில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகமும் புவனோஸ் ஐரிஸ் பல்கலைக்கழகமும் கூட்டாக நடத்தும் உயிர்மருத்துவ முதுநிலை குறிப்பிடத்தக்கது. இந்த இணைக்குப் பொருத்தமான ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1975இல் ஒற்றை வகை ஆன்டிபாடிகளை உருவாக்கும் முறையைக் கேம்பிரிட்ஜில் கண்டறிந்து 1984இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட சீசர் மில்ஸ்டைன் புவனோஸ் ஐரிஸில் படித்தவர். அவரோடு பகிர்ந்த ஜார்ஜஸ் கோலர் ஃப்ரைபுர்க்கில் முனைவர் பட்டம் பெற்றவர். இன்று புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படும் பல மருந்துகள் அந்த முறையிலிருந்து பிறந்தவை. படிப்பின் தரத்துக்கு இது சான்றாகாது. சொல்லாமல் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த வகையின் நன்மை எளிமை. இரண்டு அலுவலகங்கள், இரண்டு விதிமுறைகள். ஒருவர் செய்த தவறுக்கு மற்றவரைக் கைகாட்ட இடம் குறைவு. குறை, உதவித்தொகை பெரும்பாலும் மாணவரே தேட வேண்டியது. கல்வியாண்டுகளும் பொருந்தா: ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது, அர்ஜென்டினாவில் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குகிறது. ஃப்ரைபுர்க், ஹைடல்பெர்க் இரண்டும் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கூட்டுப் படிப்புகளுக்கு விலக்கு உண்டா என்பதைப் படிப்புவாரியாகக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஜெர்மனியில் கட்டணம் இல்லை’ என்ற பொதுப்பேச்சை நம்பக்கூடாது.

கூட்டு என்றாலே நாடு மாற வேண்டும் என்பதில்லை. கரோலின்ஸ்கா நிறுவனம், அரச தொழில்நுட்ப நிறுவனம், ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் ஒரே நகரில் இருந்துகொண்டு உயிரறிவியலின் மூலக்கூறு நுட்பங்களில் கூட்டு முதுநிலை ஒன்றை நடத்துகின்றன. மருத்துவம், பொறியியல், அடிப்படை அறிவியல் என்ற மூன்று கலாசாரங்களும் கிடைக்கின்றன; வீடும் விசாவும் மாறுவதில்லை. மாணவர்கள் அதிகம் பேசாத இந்த வகையே என் கண்ணுக்கு மிகவும் சிக்கனமானது.

ஒரே பல்கலைக்கழகம், ஓராண்டு

ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்லேஷனல் மருத்துவ முதுநிலை 120 கிரெடிட் கொண்ட இரண்டாண்டுப் படிப்பு. பல்கலைக்கழக மருத்துவமனையோடு ஒட்டியிருக்கும் மெய்லஹ்தி வளாகத்தில் நடக்கிறது. மருத்துவர் அல்லாதவரும் சேரலாம். சங்கிலியின் பல கண்ணிகள் இங்கே நடைதூரத்தில் இருக்கின்றன. இந்த வகைக்கு எதிராகச் சொல்லப்படுவது குறுகிய அனுபவம் என்பது. ஆனால் நல்ல பல்கலைக்கழகங்களில் ஒரு செமஸ்டர் வெளியில் சென்று ஆய்வு செய்ய இடமுண்டு, அதையும் மாணவர் தம் கேள்விக்கேற்ற ஆய்வகத்தைத் தேடிச் செய்யலாம். கூட்டமைப்பில் எங்கே போகலாம் என்பதைப் பங்காளிகளின் பட்டியல் முடிவுசெய்கிறது; இங்கே மாணவர் முடிவுசெய்கிறார்.

மொழியும் இதன் பக்கமே சாய்கிறது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி ஆங்கிலத்தில் பேசமாட்டார். ஒப்புதல் படிவம், வார்டுச் சுற்று, செவிலியரின் குறிப்பு எல்லாம் அந்த நாட்டு மொழியில்தான். மூன்று நாட்டில் எட்டெட்டு மாதம் இருப்பவர் மூன்று மொழியிலும் வணக்கம் சொல்லத் தெரிந்துகொள்வார். ஒரே நாட்டில் இரண்டாண்டு இருப்பவர் முயன்றால் உரையாடலைப் பின்தொடரும் அளவுக்கு வருவார். படுக்கையருகே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கத்தானே இந்தப் படிப்பு?

ஓராண்டு முதுநிலை நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் பிரிட்டனின் 180 கிரெடிட் ஐரோப்பியக் கணக்கில் 90தான். மூன்றாண்டு இளநிலையின் 180ஐக் கூட்டினால் 270 வரும். முனைவர் சேர்க்கைக்கு 300 கேட்கும் ஜெர்மன் பட்டப்பள்ளிகளில் அது போதாமல் போகலாம். ஸ்வீடனில் 240 கிரெடிட்டும் அதில் முதுநிலை மட்டத்தில் 60ம் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பதால் அங்கே தடையில்லை. நான்காண்டு இளநிலை முடித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

சான்றிதழும் அனுமதியும்

கூட்டுப் பட்டம் என்றால் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்ட ஒரே சான்றிதழ். இரட்டை அல்லது பலபட்டம் என்றால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே தரும் சான்றிதழ்கள். தரத்தில் இரண்டும் ஒன்றே. ஆனால் பட்டங்களுக்கு இணைமதிப்பு வழங்கும் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் தம் பட்டியலில் உள்ள ஒரு பல்கலைக்கழகப் பெயரைத்தான் தேடுவார். தனிச் சான்றிதழ்கள் கையில் இருப்பவருக்கு அங்கே வேலை எளிது. மதிப்பெண்ணும் அப்படியே. ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 வரை தேர்ச்சி. நெதர்லாந்தில் 10க்குப் பக்கத்தில் இருப்பது சிறந்தது, 9 அரிது. ஸ்வீடனின் பல படிப்புகளில் தேர்ச்சி, சிறப்புத் தேர்ச்சி என்ற இரண்டே படிகள். இவற்றை ஒன்றாக்கும் மாற்று அட்டவணையைக் கூட்டமைப்பு சான்றிதழின் இணைப்பிலேயே தருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வதிவிட அனுமதியைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறைப்படி, நாடு மாறிப் படிக்கும் ஏற்பாடுள்ள ஒன்றியத் திட்டங்களில் உள்ள மாணவர் முதல் நாட்டின் அனுமதியை வைத்துக்கொண்டே இரண்டாம் நாட்டில் 360 நாள் வரை படிக்கலாம். டென்மார்க்கும் அயர்லாந்தும் இதில் இல்லை. படிப்பு முடிந்தபின் வேலை தேடக் குறைந்தது ஒன்பது மாதம் தர வேண்டும் என்பதும் அதே நெறிமுறை. ஜெர்மனி 18 மாதம் தருகிறது, நெதர்லாந்து ஓராண்டு, பின்லாந்து இரண்டாண்டு. எந்த நாட்டில் படிப்பை முடிக்கிறோம் என்பதற்கு இதனால் தனி எடை உண்டு. கடைசி செமஸ்டர் எங்கே என்ற கேள்வி ஆய்வகத்துக்காக மட்டும் கேட்க வேண்டியதல்ல.

முழு உதவித்தொகையோடு, இரண்டாமாண்டு முழுவதும் ஒரே மருத்துவமனை வளாகத்தில் அமையும் கூட்டமைப்புப் படிப்பு கிடைத்தால் தயங்காமல் ஏற்கலாம். உதவித்தொகை இருந்தும் செமஸ்டருக்கு ஒரு நகரம் என்றால், முனைவர் ஆய்வை விரும்புபவர் இருமுறை யோசிக்க வேண்டும். சொந்தச் செலவென்றால் ஒரே நகரின் கூட்டோ ஒரே பல்கலைக்கழகமோ மேல். ஓராண்டுப் படிப்பு, ஏற்கெனவே ஆய்வக அனுபவம் உள்ளவருக்கும் நான்காண்டு இளநிலை முடித்தவருக்கும் மட்டும். சேருவதற்கு முன் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, கடந்த இரண்டு சேர்க்கைகளின் ஆய்வேட்டுத் தலைப்புகளையும், அவை எந்த ஆய்வகத்தில் எந்த மாதம் தொடங்கின என்பதையும், நெறியாளரை மாணவர் தேர்ந்தாரா, அலுவலகம் ஒதுக்கியதா என்பதையும் கேளுங்கள். தலைப்புப் பட்டியல் ஒரு வாரத்தில் வந்துவிடும் படிப்புகள் உண்டு; கையேட்டைத் திரும்ப அனுப்பிவைக்கும் படிப்புகளும் உண்டு.